பேராயரும் ஒரு ஏக்கர் நிலமும்

அண்ணே,

நீ போனபிறகு மந்தின் ஊரில் உன் வீட்டு அலமாரியைத் திறந்ததும் கார்பன் தாளின் வாடை வந்தது. உன் சட்டைகளின் வாடையோ, முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் வாடையோ வரும் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டுதான் கதவை இழுத்தேன். வந்தது நாற்பது வருடத்துக்கு மேல் நான் முகராத அந்த மை வாடை. சட்டைகளுக்கு அடியில் கையை விட்டேன். நாடா போட்டுக் கட்டிய தாள்கட்டு தட்டுப்பட்டது. இறையியல் கல்லூரிக்காக நீ எழுதி, நான் டைப் அடித்துக்கொடுத்த ஆய்வேட்டின் நகல். அதற்கும் கீழே பழுப்பு நிற உறை ஒன்று. மேலே என் பெயர், உன் கையெழுத்தில்.

கூடத்தில் உன் சபையிலிருந்து வந்த இரண்டு இளம் போதகர்கள் உன் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நூலகத்துக்காம். எந்தெந்தப் புத்தகம் போகிறது என்று நான் ஒரு தாளில் குறித்துக்கொண்டே நின்றிருந்தேன்.

"ஆண்ட்டி, எங்கள நம்பலையா?" என்று ஒருவர் சிரித்தார்.

"நம்புறேன் தம்பி. எழுதியும் வச்சுக்கிறேன்."

என்னை உனக்குத் தெரியும். அந்த உறையை அவர்கள் பார்க்குமுன் என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். நீ அப்படித்தான் சொல்லியிருந்தாய். சொன்ன அன்றைக்கு அதையும் நான் சந்தேகப்பட்டேன்.

அந்த ஆய்வேட்டை அடிக்கும்போது எனக்கு இருபத்தொரு வயது. சிரம்பானில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் போனபிறகு லாயரிடம் கேட்டுச் சாவியை வாங்கி வைத்திருப்பேன். நீ பஸ்ஸில் வந்து இறங்குவாய். வரும்போது எனக்கென்று ஒரு பொட்டலம் மீ கோரேங் நூடுல்ஸ். நீ வாசிக்க வாசிக்க நான் அடிப்பேன். பாதி எனக்குப் புரியாது. நிறுத்திக் கேட்பேன், நீ தமிழில் சொல்வாய். அப்படித்தான் அந்த இங்கிலீஷ் பேராயரின் கதை என் காதுக்கு வந்தது.

எழுநூறு வருடத்துக்கு முந்தைய ஆள். பெரிய வம்சம் ஒன்றுமில்லை. அரசனின் அலுவலகத்தில் எழுத்து வேலைக்குச் சேர்ந்தார். "நம்ம பாஷையில சொன்னா கிராணி," என்றாய். கணக்கில் கெட்டி. முதலில் அரண்மனைச் செலவைப் பார்த்தார், பிறகு நாட்டின் கருவூலமே அவர் பொறுப்புக்கு வந்தது. அந்தக் காலத்தில் அரசன் தன் ஆட்களுக்குச் சம்பளமாகச் சபைப் பதவிகளைக் கொடுப்பது வழக்கமாம். அப்படி ஒன்றுக்குமேல் ஒன்றாகச் சேர்ந்து, கடைசியில் பேராயராகவும் ஆகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை, திங்கட்கிழமை வரிவசூல்.

"அவருக்கு நெஜமாவே சாமி நம்பிக்க இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"அது எந்தக் கணக்குப் புஸ்தகத்துலயும் இல்ல பாப்பா."

நான் பேராயரைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அது உனக்கும் தெரிந்திருக்கும்.

நம் அப்பா பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். நீ ஐந்தாம் படிவம் முடித்ததும் துரை உன்னை ஆபீசில் சின்னக் கிராணியாக வைத்துக்கொண்டார். தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்த பிள்ளை ஒருத்தன் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பெயர் கூப்பிடுவது அதுவே முதல் தடவை. லயத்தில் எல்லாருக்கும் பெருமை இருந்தது. கூடவே பயமும் இருந்தது. நீ நடந்துவந்தால் குழாயடியில் பேச்சு நின்றுவிடும். அப்பாவே ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார், "இவன் முன்னால துரையப் பத்தி எதுவும் பேசாத." சுவருக்கு அந்தப் பக்கம் நீ கைகழுவிக்கொண்டிருந்தாய். தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

அப்புறம் துரையின் காரை ஓட்டிக்கொண்டு ஞாயிறுதோறும் சிரம்பான் தேவாலயத்துக்குப் போக ஆரம்பித்தாய். முதலில் வெளியே மரத்தடியில் நின்றாய். சில மாதத்தில் உள்ளே போனாய். ஒருநாள் வீட்டுக்கு வந்து, ஞானஸ்நானம் எடுக்கப்போகிறேன் என்றாய். அம்மா அழவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"சாமி மாத்துனா சம்பளம் ஏறுமா?"

"கொறையும்மா. ஆபீஸ் வேலைய விட்டுட்டுப் போதகராப் போறேன்."

சம்பளம் குறையும் என்று நீ சொன்னதுதான் எனக்கு இன்னும் அதிகமாக உறுத்தியது. ஏறும் என்றிருந்தால் ஆசை என்று புரிந்துகொண்டிருப்பேன். குறைவதற்காக ஒரு மனிதன் ஏன் போவான்? கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பின்னால் வரப்போகிறது என்று நினைத்தேன். பத்து வருடத்துக்குள் உன் சபை முழுவதற்கும் உன்னைப் பொருளாளராக ஆக்கினார்கள். கிராணி வேலை பார்த்தவன் அங்கே வேறு யாரும் இல்லை. அன்றைக்கு, பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். உனக்கு வாழ்த்துச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் உன் வீட்டில் என்னென்ன புதிதாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் புதிதாக இல்லை. ஒன்றுமில்லாமலும் மனது அடங்கவில்லை.

பேராயரின் கதைக்கு வருகிறேன். அவர் மேலே போகப்போக எதிரிகள் கூடினார்கள். சாத்தானோடு உடன்படிக்கை செய்தவர் என்று ஒருவன் போப்பாண்டவர்வரை எழுதிப்போட்டான். விசாரித்தார்கள், விடுவித்தார்கள். இளவரசன் ஒருமுறை அவருடைய காட்டுக்குள் புகுந்து மான் வேட்டையாடினான். பேராயர் அரசனிடம் முறையிட்டார். இளவரசனின் செலவைக் கட்டுப்படுத்தியவரும் அவர்தான். பழைய அரசன் கண்ணை மூடினதுதான் தாமதம், மகன் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டான். நிலங்களைப் பறித்தான். இந்த ஆளால் யார் யாருக்கு அநியாயம் நடந்ததோ எல்லாரும் வந்து சொல்லலாம் என்று ஊர் ஊராகத் தண்டோரா போட்டான். ஆட்கள் வந்தார்கள். வருடக்கணக்கில் வழக்கு நடந்தது.

நான் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"காச எடுத்தாரா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"தெரியாது பாப்பா. சில வழக்குல தப்பு இருந்த மாதிரி இருக்கு. சிலது பழிவாங்கக் கெளப்புனது. கடைசியில வெளிய விட்டுட்டாங்க. கொஞ்ச நாள் திரும்பக் கருவூலத்துலயே உக்கார வச்சாங்க."

"விட்டுட்டாங்கன்னா எடுக்கலைன்னு அர்த்தமா?"

"இல்ல. எடுத்தாருன்னும் அர்த்தம் இல்ல."

"இது என்ன ஆராய்ச்சி?" என்றேன். நீ சிரித்தாய். அந்தக் கடைசி வாக்கியத்தை நீ மூன்று தடவை மாற்றினாய், மூன்று தடவையும் நான் தாளை உருவிப்போட்டுவிட்டுப் புதிதாக அடித்தேன். "ரெண்டு பேருக்கு வேலை செய்றவன ரெண்டு பேரும் நம்ப மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு, அதை எழுதாதே என்றாய்.

தோட்டத்தை விற்கிறார்கள் என்ற சேதி வந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு பெண்பிள்ளையும் இருந்தாள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா லயத்திலேதான் இருந்தாள். வாங்கிய கம்பெனி கோலாலம்பூர்க்காரர்களுடையது. ஒரு பகுதியில் எண்ணெய் எடுக்கும் செம்பனை, சாலையோரம் வீடமைப்பு என்று திட்டம். லயத்துக் குடும்பங்கள் ஆறு மாதத்தில் காலி செய்யவேண்டும். கம்பெனியோடு பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. தோட்டத்து ஆட்கள் உன்னைச் சொன்னார்கள், நீ இந்த லயத்தில் பிறந்தவன் என்பதால். கம்பெனியும் உன்னையே சொன்னது, நீ ஆபீஸ் பாஷை பேசுகிறவன் என்பதால். இரண்டு பக்கமும் ஒரே பெயரைச் சொன்னதைக் கேட்டபோதே, எழுதாதே என்று நீ சொன்ன அந்த வாக்கியம் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆனால் நீ வேலை செய்தாய். அதை நான் மறுக்கவில்லை. ஆறு மாதம் ஒன்றரை வருடம் ஆயிற்று. பெடாஸில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறைந்த விலையில் ஒரு வீடு என்று எழுத்தில் வாங்கினாய். அம்மா தன் வீட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு திரிந்தாள். ஒருமுறை தோட்டத்து லாரி ஓட்டுநர் வேலாயுதம் உன் காரை நிறுத்தி உன் கையைப் பிடித்துக்கொண்டார். யாருக்கும் வளைந்து பேசாதவர் அவர். "ஐயா, நீங்க இல்லைன்னா நாங்க ரோட்டுலதான்," என்றார்.

கம்பெனிக்கு வழக்கறிஞர்கள் எங்கள் அலுவலகம்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முத்திரைக்குப் போகவேண்டிய பத்திரங்களைச் சரிபார்க்க என் மேசையில் வைத்தார்கள். நாலாவது பத்திரத்தில் உன் பெயர் இருந்தது. அடையாள அட்டை எண்ணும் உன்னுடையதுதான், இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தேன். கம்பெனியின் நிலத்திலிருந்து ஒரு ஏக்கர் உன் பெயருக்கு மாறுகிறது. விலை ஒரு ரிங்கிட்.

எந்த இடம் என்று நான் பார்த்திருக்கலாம், அண்ணே. வரைபடம் அடுத்த பக்கத்தில்தான் இருந்தது. எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவள் நான். அந்தப் பக்கத்தை நான் திருப்பவில்லை. திருப்பத் தேவையில்லை என்று தோன்றியது. இத்தனை வருடமாக எதைத் தேடிக்கொண்டிருந்தேனோ அது கிடைத்துவிட்டது என்று தோன்றியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நிமிடத்தில் எனக்கு வருத்தம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது.

அன்று சாயங்காலம் மீன் அலசிக்கொண்டே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சொல்லித்தான் சொன்னேன். அவர் வேலாயுதத்திடம், யாரிடமும் சொல்லக்கூடாது என்று சொல்லித்தான் சொல்லியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மண்டபத்தில் கூட்டம். வீட்டுச் சாவி இன்னும் கிடைக்காதவர்களின் பட்டியலை நீ வாசித்துக்கொண்டிருந்தாய். வேலாயுதம் எழுந்தார்.

"போதகர் ஐயா, ஒண்ணு கேக்கணும். ஒங்க பேர்ல கம்பெனி ஒரு ஏக்கர் எழுதிக் குடுத்திருக்கா, இல்லையா?"

நீ பட்டியலை மடித்தாய்.

"குடுத்திருக்கு."

"எதுக்கு?"

நீ வேலாயுதத்தைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கத்தில் அம்மாவுக்கு அருகில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டதுபோலப் பார்த்தாய்.

"அத இப்ப சொல்ல முடியாது," என்றாய்.

"எப்ப சொல்லுவீங்க?"

"சொல்ல முடியாதுங்க."

ஒருவர் வந்து உன் நாற்காலியை எடுத்து மடித்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். நீ பட்டியலை மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாய். அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள், நான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

விஷயம் சபைவரை போயிற்று. உன்னைப் பொருளாளர் வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, உன் பொறுப்பிலிருந்த கணக்குப் புத்தகங்களையெல்லாம் சோதித்தார்கள். ஒன்றும் குறையவில்லை. நிலத்தைப் பற்றிக் கேட்டதற்கு, அது சபைச் சொத்து இல்லை என்று மட்டும் சொன்னாயாம். கோலா பிலாவில் முப்பது பேர் வரும் ஒரு சின்ன தேவாலயத்துக்கு மாற்றினார்கள். ஏழு வருடம். பிறகு கூப்பிட்டு, தவறு எதுவும் காணப்படவில்லை என்று ஒரு கடிதம் கொடுத்துப் பழைய வேலையையே கொடுத்தார்கள். நான் கேள்விப்பட்டு, நீ டைப் அடிக்கச் சொன்ன பேராயரின் கடைசி அத்தியாயத்தை நினைத்துக்கொண்டேன். விட்டுவிட்டார்கள். அதற்கு எடுக்கவில்லை என்று அர்த்தமா?

அந்த ஏழு வருடத்தில்தான் நான் உன்னை "நீங்க" என்று கூப்பிட ஆரம்பித்தேன். பிறந்ததிலிருந்து "நீ" என்று கூப்பிட்டவள். தீபாவளிக்கு நீ பலகாரத் தட்டு வாங்கிக்கொள்ள வந்தபோது, "உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றேன். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நீ பார்க்கவில்லை. "குடுங்க," என்றாய். நீயும் என்னை அப்படியே கூப்பிட்டாய். அந்த ஒரு சொல்லுக்கு மேல் நமக்குள் சண்டை என்று எதுவும் நடக்கவில்லை.

அம்மா பெடாஸ் வீட்டில் கிடையில் இருந்தபோது ஒவ்வொரு தடவையும் என்னிடம் அதையே கேட்பாள். "அண்ணன்கிட்ட கேட்டியா?" நான் கேட்கவில்லை. நீ சொல்லவும் இல்லை. அவள் தெரியாமலே போனாள்.

ஓய்வுபெற்று, அண்ணியும் போனபிறகு, ஒருநாள் காலையில் நீ மட்டும் என் வீட்டுக்கு வந்தாய். கையில் ஒரு பை டுக்கு பழம். நாற்காலியில் உட்காராமல் வாசலிலேயே நின்று, பழையபடி என்னை "நீ" என்றே பேசினாய்.

"என் அலமாரியில ஒரு ஒறை இருக்கு. எனக்கு ஏதாச்சும் ஆனா நீயே போயி எடு. சபைக்காரங்க கைக்குப் போகக்கூடாது."

"என்ன இருக்கு அதுல?"

"படிச்சா தெரியும். நீதான் எல்லாத்தையும் படிச்சுப் பாக்குறவளாச்சே."

அது குத்தலா, சாதாரணமாகச் சொன்னதா என்று அன்று முழுக்க யோசித்தேன். எதைச் சபையிடம் மறைக்கிறாய் என்று அதைவிட அதிகமாக யோசித்தேன்.

போன மாதம் உன் படுக்கையறையில் கட்டிலில் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். உள்ளே, கிராண்ட் என்று இங்கே சொல்லும் நிலப்பட்டா இருந்தது. ஒவ்வொரு வருடமும் நீ கட்டிய நிலவரிச் சீட்டுகள், ஒரு வருடம்கூட விட்டுப்போகாமல். வரைபடமும் இருந்தது. அப்புறம் எங்கள் பழைய லாயர் உனக்கு எழுதிய கடிதம். டைப் அடித்ததல்ல, கையால் எழுதியது. அலுவலகத்தில் யார் கண்ணிலும், முக்கியமாக என் கண்ணில், படக்கூடாது என்று நினைத்திருப்பார்.

கோயில் பதிவு பெறாதது, ஆகவே கோயிலின் பெயரில் நிலம் தர முடியாது. தனி ஒருவர் பெயரில் தரலாம். ஆனால் இதை யாரிடமும், தோட்டத்து ஆட்களிடம்கூடச் சொல்லக்கூடாது. தெரிந்தால் கம்பெனியின் மற்றத் தோட்டங்களிலும் இதையே கேட்பார்கள். சொன்னதாகத் தெரியவந்தால் வீடுகள் பற்றிய பேச்சும் அதோடு நிற்கும். கடிதத்தில் இருந்தது அவ்வளவுதான்.

வரைபடத்தை மடியில் விரித்தேன். சதுரத்துக்குள்ளே சின்னதாக ஒரு கட்டடம், அதன் பக்கத்தில் ஒரு கிணறு. நம் தோட்டத்து மாரியம்மன் கோயில். தோட்டம் போன பிறகும் கோயில் அங்கேயே நிற்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன், கம்பெனி விட்டுவைத்ததாகச் சொன்னார்கள். கம்பெனி எதையாவது சும்மா விட்டுவைக்குமா என்று நினைத்ததோடு சரி. அதற்குமேல் நான் ஓர் அடியும் யோசிக்கவில்லை.

மறுவாரம் மகள் காரில் கூட்டிக்கொண்டு போனாள். லயம் இருந்த இடம் முழுக்கச் செம்பனை. கோயிலுக்குச் சிமெண்டுச் சுவரும் நல்ல கூரையும் வந்திருக்கிறது. முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் வேலாயுதம் உட்கார்ந்திருந்தார். இப்போது அவர்தான் கோயில் தலைவர். ஒரு கண்ணில் அறுவை செய்து துணி கட்டியிருந்தார். யார் என்று சொன்னதும் முகம் இறுகிப்போயிற்று. பட்டாவைக் காட்டினேன்.

"இப்ப என்ன, கோயில எடுக்கப் போறீங்களா?"

"இல்லண்ணே."

"பின்ன எதுக்குக் கிராண்டத் தூக்கிக்கிட்டு வந்திருக்கீங்க? அவரு போனதும் வித்துட்டுப் போயிடலாம்னுதானே? இங்க சர்வே ஆளுங்க ரெண்டு தடவ வந்தாங்க. ரெண்டு தடவயும் பைலப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. ஏன்னு எங்களுக்கு வெளங்கல. இப்ப வெளங்குது லா."

என்னையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தது. கடிதத்தை மகள் வாசித்துக் காட்டினாள். அவர் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு நல்ல கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்கிட்ட மட்டுமாச்சும் சொல்லியிருக்கலாம்," என்றார்.

"சொல்லியிருந்தா வீடு போயிருக்கும். சபையில தெரிஞ்சிருந்தா வேலை போயிருக்கும். போதகர் பேர்ல மாரியம்மன் கோயில் நெலம் இருக்குன்னா யாரு விடுவாங்க? அந்தப் பக்கமும் விட மாட்டாங்க, இந்தப் பக்கமும் விட மாட்டாங்க."

"அன்னிக்கு ஒங்க வீட்டுக்காரரு சொன்னத நம்பிட்டேன். அவருக்கு யாரு சொன்னாங்களோ."

முப்பது வருடமாக யாரும் என்னைக் கேட்காத கேள்வி. அவரும் கேட்கவில்லை. பேச்சுவாக்கில்தான் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"நான்தான் சொன்னேன்," என்றேன். "அந்தப் பத்திரத்தப் பாத்தவ நான்."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அது தெரியாது. வேலாயுதம் உள்ளே பூசாரியைக் கூப்பிட்டு, "இவங்களுக்குத் தண்ணி குடு," என்றார்.

இத்தோடு இந்தக் கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். உன்னைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். ஆனால் நான் நான்தானே. பட்டாவையும் சீட்டுகளையும் மறுபடியும் பார்த்தேன். பிந்திய வருடங்களின் நிலவரிச் சீட்டுகளில் நிலத்தின் அளவு குறைந்திருந்தது. ஒரு ஏக்கரில் கால் ஏக்கரை, சாலையோரம் இருந்த பகுதியை, பல வருடத்துக்குமுன் நீ பிரித்து விற்றிருக்கிறாய். இப்போது அங்கே ஒரு மோட்டார்ப் பட்டறை இருக்கிறது. பட்டறை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே நல்ல மனுஷன். போதகரிடம்தான் வாங்கினேன், முறையாகத்தான் வாங்கினேன் என்று மலாயில் சொன்னார். அந்தப் பணம் எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது. உறையிலும் ஒன்றுமில்லை. நிலவரிக்குச் சீட்டு வைத்திருந்த நீ, இதற்கு ஒரு துண்டுத் தாள்கூட வைக்கவில்லை.

வருடத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். அண்ணிக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கிய வருடம் அது. கோயிலுக்கு யாரோ பெயர் சொல்லாத ஒருவர் கூரை போட்டுக் கொடுத்ததும் அதே வருடம்தான் என்று வேலாயுதம் சொன்னார். அண்ணிக்காக விற்றாயா? கூரைக்காக விற்றாயா? பாதி அதற்கு, பாதி இதற்கு என்று மனதைச் சமாதானம் செய்யப் பார்க்கிறேன், முடியவில்லை. அண்ணிக்காக என்றால் அது கோயில் நிலம், உன்னுடையது இல்லை. ஆனால் அந்த நிலமே நீ அவமானப்பட்டு வாங்கிக் கொடுத்தது. இரண்டும் உண்மையாக இருக்கிறது. யாரிடம் போய்க் கேட்பேன்? உன் கதை தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

கோயில் இப்போது பதிவு பெற்றுவிட்டது. நிலத்தை அதன் பெயருக்கு மாற்ற, முதலில் வாரிசு என்று என் பெயருக்கு வரவேண்டுமாம். நேற்று ரெம்பாவ் நில அலுவலகத்துக்குப் போயிருந்தோம். வேலாயுதமும் வந்தார். கல்லில் உன் பெயரைப் பொறிக்கவேண்டும் என்று அவர் சொல்கிறார். போதகர் பெயர் கோயில் சுவரிலா என்று குழுவில் இரண்டு பேர் முனகுகிறார்களாம். "அவங்க மொனகட்டும். நான் பாத்துக்கிறேன்," என்றார் காரில். கால் ஏக்கரைப் பற்றி அவருக்கும் தெரியும். நான்தான் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "இருக்கட்டும்மா," என்றார். எது இருக்கட்டும் என்று நான் கேட்கவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க்காரப் பெண், என் மகளைவிடச் சின்னவள். நிதானமாக, ஒவ்வொரு வரியாகக் கேட்டு நிரப்பினாள். இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு? தங்கை. வேறு வாரிசு உண்டா? இல்லை. கடன் உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை. கடைசியாக, "அடா பந்தாஹான், மக்சிக்?" என்றாள். இறந்தவரின் சொத்தைக் குறித்து உங்களுக்கு ஏதாவது ஆட்சேபம் இருக்கிறதா?

அவள் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். வேலாயுதம் தொண்டையைச் செருமினார். ஆட்சேபம் இருக்கிறது, அண்ணே. கால் ஏக்கருக்கு இருக்கிறது. அந்த மண்டபத்தில் நீ வாயைத் திறக்காததற்கு இருக்கிறது. அம்மாவிடம் சொல்லாமல் அவளைப் போகவிட்டதற்கு இருக்கிறது. நான் செய்ததை அறிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல், அத்தனை வருடம் என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாயே, அதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக இருக்கிறது.

"தியாடா," என்றேன். இல்லை.

அவள் அப்படியே எழுதி, தாளை என் பக்கம் திருப்பினாள். எல்லா வரியையும் ஒருமுறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வரி மட்டும் பொய் என்று தெரிந்தே போட்டேன். உன்மேலுள்ள என் ஆட்சேபங்களை அலுவலகத்தில் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. அவை என்னிடமே இருக்கட்டும்.